துருக்கை

“பதினேழு. இன்னும் மூணு சுத்து.”

“முடியல தொராசோ.”

“முடியலன்னு சொல்ல மூச்சு இருக்கில்ல. ஓடு.”

யசோகிச்சி கரிக்கிடங்கைச் சுற்றி ஓடினான். கிமோனோவின் கீழ்முனையைத் தூக்கி இடுப்பில் செருகியிருந்தான். ஐம்பத்திரண்டு வயது ஆள். காய்ச்சலில் படுத்து எழுந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. வைக்கோல் செருப்பு ஒன்று கழன்று விழுந்ததையும் எடுக்காமல் ஓடினான். நான் விறகுக் கட்டின்மேல் உட்கார்ந்து எண்ணிக்கொண்டிருந்தேன். பத்தாம் மாதம் பிறந்து, கடல் காற்று குளிர ஆரம்பித்திருந்தது.

இருபது முடிந்ததும் என் முன்னால் வந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றான். நெற்றி வேர்வை மூக்கு நுனியில் சொட்டியது. முதுகுத் துணி ஒட்டியிருந்தது.

“கையக் காட்டு.”

இரண்டு உள்ளங்கைகளையும் விரித்தான். காய்ச்சலில் பழைய தோல் உரிந்து புதுத்தோல் வந்திருந்தது. கட்டைவிரலால் தடவிப் பார்த்தேன். ஜன்னல் காகிதத்தைத் தடவுகிற மாதிரி இருந்தது.

“மாவுல தோச்சு எடுத்த மாதிரி இருக்குடா.”

“உள்ளுக்குள்ள சூடா இருக்கு. வந்துடும்.”

உள்ளே போய், அரம் போட்டு வெளுத்திருந்த ஓர் இரும்புத் துண்டின்மேல் வலது கையை வைத்து அழுத்தினான். கண்ணை மூடிக்கொண்டு நாற்பது மூச்சு எண்ணினான். கையை எடுத்தான். இரும்பு வெளுப்பாகவே இருந்தது.

“காலைல தெரியும்,” என்றான்.

காலையிலும் ஒன்றும் தெரியவில்லை.

எங்கள் உகாவா பட்டறையில் வாளுக்குக் கைக்காப்புச் செய்தோம். வாளின் பிடிக்கும் அலகுக்கும் நடுவே உட்காரும் தகடு. எதிரியின் அலகு சறுக்கி வந்து விரலை வெட்டாமல் இருக்க வைத்தது. இருநூறு வருஷமாக எந்த எதிரியின் அலகும் சறுக்கி வரவில்லை. நாரையும் நாணலும் அலையும் வெட்டிய தகடுகளை, இடுப்பில் செருகிய வாளில் நாலு பேர் பார்க்கட்டும் என்றுதான் வாங்கினார்கள். அந்த நாணலை வெட்டுவது என் வேலை. கம்பி ரம்பம், பிறகு அரம், பிறகு இன்னும் சின்ன அரம். ஆனால் என் வெட்டைப் பார்த்து யாரும் இது உகாவா வீட்டுத் தகடு என்று சொன்னதில்லை. நிறத்தைப் பார்த்துச் சொன்னார்கள். கத்தரிக்காய்த் தோலின் நிறம். கறுப்பு, அதற்குள்ளே ஊதா.

அது துருதான். ஏறவிட்டுத் தேய்ப்பது, மறுபடி ஏறவிட்டுத் தேய்ப்பது. எழுபத்தைந்து நாள் கழித்துத் தேயிலைக் கஷாயத்தில் கொதிக்கவைத்து அதை நிறுத்துவது. எங்கள் ஊர் ஹாகியில் மற்றப் பட்டறைகள் உப்பையும் காடியையும் வைத்துச் செய்தன. எங்கள் வீட்டில் இருபத்தாறு வருஷமாக யசோகிச்சியின் கை செய்தது.

எல்லார் கை வேர்வை பட்டாலும் இரும்பு கொஞ்சம் துருப்பிடிக்கும். அவன் கை பட்டால் மறுநாள் காலையில் ஐந்து விரலும் ரேகையோடு எழும்பும். ஓஷிமாத் தீவில் மீனவர் வீட்டில் பிறந்தவன். பதினோரு வயதில் அவனை வாள் மெருகு போடுகிற ஒருவரிடம் சேர்த்தார்கள். ஒன்பதாம் நாள், ஒரு சாமுராயின் வாள் அலகில் நான்கு விரல் பழுப்பாகத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டியில் முக்கி, அடித்து, படகேற்றி அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவன் பெயர் துருக்கை. தீவில் அவனைத் தூண்டில் பெட்டியைத் தொடவிடவில்லை. நங்கூரம் தூக்க மட்டும் விட்டார்கள்.

சாமுராய் யாராவது பட்டறைக்கு வந்தால் இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டுதான் வணங்குவான். அது மரியாதைக் குறைவு என்று ஒருவர் உதைத்தார். அடுத்தமுறை கைகளைத் தரையில் ஊன்றி வணங்கினான். வாளுக்குப் பக்கத்தில் கையை நீட்டுகிறான் என்று இன்னொருவர் உதைத்தார். இதை அவனே சொல்லிச் சிரிப்பான்.

அவனைப் பட்டறைக்குக் கொண்டுவந்தவர் பழைய எஜமான், இப்போதைய எஜமான் கென்சுகேயின் தகப்பனார். நங்கூரத்தின் நிறத்தைப் பார்த்து, யார் தொட்டது என்று கேட்டாராம். “ஒரு வசந்தம் வந்து இருந்துட்டுப் போ” என்றாராம். யசோகிச்சி அதை நம்பி ஒரே ஒரு மாற்றுத்துணியோடு வந்தான். அதன்பிறகு யாரும் அவனைப் போகக்கூடாது என்று சொல்லவில்லை. பின்கட்டில் வீடு கொடுத்தார்கள். தோசே என்ற பெண்ணைக் கட்டிவைத்தார்கள். குளிர்காலத்துக்குப் பஞ்சு வைத்த மேலாடை கொடுத்தார்கள். எப்போது பார்த்தாலும் துரு ஏற்றும் பெட்டியில் ஒரு தகடு இருபதாம் நாளிலோ முப்பதாம் நாளிலோ இருக்கும். அவன் அம்மா தீவில் செத்தபோது பதினாறாம் நாள். அது முடிந்து தேயிலையில் கொதிக்கவைத்த பிறகு போய்க் கல்லறைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வந்தான்.

அந்த வருஷம் எட்டாம் மாதம் அவனுக்குக் காய்ச்சல் வந்தது. பத்தொன்பது நாள் படுத்திருந்தான். எழுந்தபோது கை வறண்டிருந்தது. அவன் எழுந்த அதே வாரம் கோட்டையிலிருந்து உத்தரவு வந்தது. மூன்றாம் மாதம் பிரபு எடோ நகருக்குக் கிளம்புகிறார். அவர் பெரிய வாளுக்கும் சின்ன வாளுக்கும் ஒரு ஜோடி கைக்காப்பு. நாணல் வடிவம், உகாவா நிறம். இரண்டாம் மாதக் கடைசிக்குள் வேண்டும்.

கை போய்விட்டது என்று எஜமானிடம் சொல்லியிருக்கலாம். அவர் அடிக்கிற ஆள் இல்லை. சொல்லாததற்குக் காரணம் மினே.

மினே யசோகிச்சியின் மகள். பத்தொன்பது வயது. அவளுக்கும் அதே கை. ஏழு வயதில் கத்தரிக்கோலைத் தொட்டபோது தோசே கண்டுபிடித்தாள். அன்றைக்கே அந்தக் கத்தரிக்கோலை ஆற்றில் போட்டுவிட்டு, பெண்ணின் விரல் நுனிகளில் காகிதம் சுற்றினாள். அடுப்பிலும் கிணற்றடியிலும் மினே எந்த இரும்பையும் துணி வைத்துத்தான் பிடிப்பாள். கேட்டால், சூடு தாங்காத பெண் என்று தோசே சொல்லுவாள். ஒன்றை மட்டும் மறைக்க முடியவில்லை. தையலுக்குக் காகிதம் சுற்றிய விரல் உதவாது. அவளிடம் எந்த ஊசியும் இரண்டு மாதம் தாங்காது.

மலைக்கு அப்பால் மிதஜிரியில் உப்பளக்காரர் வீட்டில் என் அக்கா வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் கொழுந்தன் மகனுக்குப் பெண் பார்த்தபோது நான்தான் மினேயைச் சொன்னேன். தோசே அதைக் கேட்டுச் சிரித்தது எனக்கு நினைவிருக்கிறது.

“உப்பளமா? அங்க பூட்டு, அரிவாள், ஆணி எல்லாம் துருதானே அண்ணே?”

“கதவுக் கீல்கூட.”

“அப்ப என் பொண்ணு கைய யாரு கண்டுக்கப் போறாங்க!”

நிச்சயமாகிவிட்டது. மாப்பிள்ளை வீட்டுச் சீர் வந்து இறங்கியது. கல்யாணம் புத்தாண்டு கழிந்து முதல் மாதம் இருபதாம் தேதி. பெண் வேறு ஊருக்குப் போக, கோயில் பதிவேட்டிலிருந்து பெயரை எடுக்கும் சீட்டில் எஜமான் முத்திரை வைக்கவேண்டும். புத்தாண்டு அன்று வைக்கிறேன் என்று சொல்லியிருந்தார். சந்தோஷமாகத்தான் சொன்னார். அதுவரை யசோகிச்சியின் கை வேலை செய்வதாக இருந்தால் போதும். அதன்பிறகு தெரிந்தால் தெரியட்டும். முன்னால் தெரிந்தால், இந்தக் கை ரத்தத்தில் வருவது, மகளின் கையைக் காட்டு என்பார். அவர் அப்பா நங்கூரத்தைப் பார்த்தவர்.

எனக்கும் அதில் ஒரு வேலை இருந்தது. மெதுவாக வெட்டினேன். நாணலின் வளைவில் ரம்பக் கம்பியை வேண்டுமென்றே இழுத்து அறுத்துக்கொண்டேன். ஒரு மாதத்தில் முப்பது கம்பி.

“என்ன தொராசோ, உனக்கும் வயசாயிடுச்சா?” என்று கேட்டார் எஜமான்.

“இரும்பு கொஞ்சம் கடினம் ஐயா.”

“இரும்பா, நீயா?”

பட்டறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

இதற்கிடையில் யசோகிச்சி ஓடினான். தோசே இஞ்சிக் கஷாயம் கொடுத்தாள். சூடான சாக்கே மதுவில் மிளகாயைப் போட்டுக் கொடுத்தாள். சுட்ட கல்லைத் துணியில் சுற்றி அவன் கையில் வைத்துக் கட்டினாள். முகம் சிவந்தது, காது சிவந்தது, கால் நடுவிரல்வரை வேர்த்தது. உள்ளங்கை மட்டும் வறண்டே இருந்தது. ஊறுகாய்ப் பிளம் தண்ணீரில் கையை நனைத்து ஒரு துண்டில் வைத்துப் பார்த்தான். மறுநாள் செம்மண் நிறத்தில் பொங்கி, ஊதினால் பறந்தது.

“என் கையே எனக்கு யாரோ மாதிரி இருக்கு,” என்றான். பிறகு, “பசிக்குது” என்றான்.

ஒருநாள் மினே சோறு போட்டுக்கொண்டே சொன்னாள், “அப்பா, தகடு வெட்டி முடிஞ்சதும் பெட்டிய இங்க கொண்டு வாங்க. நான் கைய வச்சுத் தரேன். யாருக்குத் தெரியும்?”

தோசே அகப்பையைக் கீழே வைத்தாள். “தொட்டுடாதடி. நிறம் நல்லா வந்தா அடுத்த தகடு வரும். நீ மிதஜிரியில இருப்ப. உங்கப்பா அப்ப என்னத்த வச்சுக் காட்டுவார்?”

“அப்ப தெரிஞ்சா பரவாயில்லன்னு நீதானம்மா சொன்ன.”

“நிறம் நல்லா வந்துட்டு அப்பா கை வராட்டி, அது யார் கைன்னு தேட மாட்டாங்களா? கல்யாணம் ஆனாலும் கூட்டிட்டு வந்துடுவாங்க.”

யசோகிச்சி கிண்ணத்தில் இருந்ததைச் சாப்பிட்டு முடித்தான்.

பன்னிரண்டாம் மாதம் முதல் தேதிக்கு மேல் என்னால் இழுக்க முடியவில்லை. தகடுகள் முடிந்து பெட்டிக்குள் போயின. ஈர வைக்கோல் பரப்பிய அந்தப் பெட்டியை முதல் முப்பது நாள் யசோகிச்சியைத் தவிர யாரும் திறக்கக்கூடாது என்பது வழக்கம். தினமும் காலையில் துரு அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே வெளுத்த தகடுகள்மேல் வெறும் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். மத்தியானம் வெளியே வருவான்.

“வருதா?” என்பார் எஜமான்.

“வருது ஐயா.”

எட்டாம் தேதி ஊசி நாள். அன்றைக்குப் பெண்கள் தைக்கமாட்டார்கள். அந்த வருஷம் உடைந்த ஊசி, வளைந்த ஊசி எல்லாவற்றையும் அவஷிமா சன்னதிக்குக் கொண்டுபோய்த் தோஃபு கட்டியில் குத்திவிட்டு வருவார்கள். வருஷம் முழுக்கக் கெட்டியான துணியில் உழைத்த ஊசி, கடைசியில் மெத்தென்று கிடக்கட்டும் என்று. ஊசியைக் குப்பையில் போடுவது, பெற்றவளைக் குப்பையில் போடுவது மாதிரி. எந்தப் பெண்ணும் செய்யமாட்டாள்.

மினேயின் ஊசிகளைத் தோசே ஒவ்வொரு வருஷமும் கத்தரிக்கோல் போன வழியில் அனுப்பச் சொல்லியிருந்தாள். மினே அனுப்பவில்லை. ஒரு பெரிய கிளிஞ்சலுக்குள் வைத்து மூடி, படுக்கைப் பெட்டியின் அடியில் ஒளித்து வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்து ஊசி.

வழக்கமாகத் தோசே அவளைச் சன்னதிக்கு அனுப்புவதில்லை. வயிற்றுவலி என்பாள். இந்த வருஷம் எஜமானி கிவா அம்மாளே பின்கட்டுக்கு வந்துவிட்டாள்.

“கல்யாணப் பொண்ணு. நம்ம வீட்டுல இருந்து போற கடைசி ஊசி நாள். நானே தோஃபு வாங்கிட்டேன். வயிறு வலிச்சா வலிச்சுட்டுப் போகுது, வாடி.”

தோசே ஒரு புது ஊசியை வளைத்து, உடைத்து, பளபளவென்று மகள் கையில் காகிதத்தோடு கொடுத்தாள். இதைக் குத்திவிட்டு வந்துவிடு என்றாள். மினே தலையாட்டினாள். கிளிஞ்சலை மார்பில் செருகிக்கொண்டு போனாள். அதை எடுத்துக்கொண்டு புகுந்த வீட்டுக்குப் போக முடியாது. இங்கே விட்டுவிட்டும் போக முடியாது. ஆற்றில் எறிய அவளுக்குக் கை வரவில்லை.

இதெல்லாம் என் மனைவி பார்த்தது. ஏழு பெண்கள் போயிருந்தார்கள். எல்லாரும் குத்தினார்கள். மினே பளபளப்பான ஊசியைக் குத்தினாள். கை தட்டிக் கண்ணை மூடி வேண்டிக்கொண்டார்கள். மற்றவர்கள் கண்ணை மூடியிருந்த நேரத்தில் மினே கிளிஞ்சலைத் திறந்து, ஒவ்வொன்றாகக் கட்டியின் ஓரத்தில் குத்த ஆரம்பித்தாள். இவ்வளவு நிறைய இருக்கும் என்று அவள் எண்ணிப் பார்க்கவில்லை போலிருக்கிறது. வேண்டுதல் முடிந்து எல்லாரும் கண்ணைத் திறந்தபோது பாதிகூட முடியவில்லை.

தோஃபு வெள்ளை. ஒவ்வொரு ஊசியைச் சுற்றியும் பழுப்பு ஊறிக்கொண்டிருந்தது.

கிவா அம்மாள் குனிந்து பார்த்தாள். ஓர் ஊசியைப் பிடுங்கி நகத்தால் சுரண்டினாள். நகத்தைப் பார்த்தாள். அவள் துரு பார்க்கிற வீட்டில் முப்பது வருஷம் இருந்தவள்.

“மினே, இது எல்லாம் நீ தச்சதா?”

“ஆமாம்மா.”

“வேற யாரும் தொடலையே?”

“இல்லம்மா.”

கிவா அம்மாள் அழுதுவிட்டாள். பெண்ணைக் கட்டிக்கொண்டு, “வீடு பொழச்சுது, வீடு பொழச்சுது” என்றாளாம். யசோகிச்சியின் கை போனது அவளுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. யசோகிச்சி ஓடுவதை அவளும் அவள் கணவனும் மாடியிலிருந்து பார்த்திருக்கிறார்கள். இரண்டு மாதமாகச் சோறு இறங்காமல், அவன் வாயிலிருந்து வரட்டும் என்று காத்திருந்திருக்கிறார்கள். திரும்பும் வழியில் மினேக்குச் சூடான பயற்றுப் பணியாரம் வாங்கிக் கொடுத்தாள். மினே அதைக் கையில் வைத்துக்கொண்டே வீடுவரை நடந்து வந்தாள்.

எஜமான் கென்சுகே பின்கட்டுக்குத் தானே வந்தார். நான் அங்கேதான் இருந்தேன். அவர் பாயில் உட்கார்ந்து, யசோகிச்சிக்கு முன்னால் நெற்றி தரையில் படும்படி குனிந்தார். எஜமான் வேலையாளுக்கு அப்படிக் குனிந்து நான் பார்த்ததில்லை. யசோகிச்சி பதறிப்போய்ப் பின்னால் நகர்ந்து சுவரில் இடித்துக்கொண்டான்.

“இத்தனை வருஷம் ஒண்ணுக்கு ரெண்டு கை இந்த வீட்டுல இருந்திருக்கு. எனக்குத் தெரியல,” என்றார். “நன்றி யசோ.”

“ஐயா, பொண்ணுக்கு முதல் மாசம் இருபதாம் தேதி கல்யாணம்.”

“நடக்கட்டும். யார் வேண்டாம்னா? இந்த ஜோடி முடியட்டும். முடிஞ்ச மறுநாள் நானே பல்லக்கு வச்சு அனுப்பறேன்.”

“ஜோடி முடிய இரண்டாம் மாசம் ஆயிடுமே ஐயா.”

“ஆகும். நான் என்ன பண்ணட்டும்? கோட்டையில போய்த் துரு ஏறலன்னு சொல்லவா? என் பட்டறையில பதினாலு பேர் சாப்பிடறாங்க.”

நான் வாயைத் திறந்தேன். “ஐயா, மிதஜிரியில மூணாம் மாசம் உப்பு வேலை ஆரம்பிச்சுடும். அதுக்குள்ள மருமக வீட்டுக்கு வந்து பழகணும்னு பார்க்கறாங்க. தேதி தள்ளினா காத்திருக்க மாட்டாங்க. அந்தப் பையனுக்கு இன்னொரு இடமும் சொல்லி வச்சிருக்காங்க.”

“உங்க அக்காகிட்ட சொல்லேன் தொராசோ.”

“அக்கா அந்த வீட்டுல இன்னும் மாமியாருக்கு அடங்கின மருமகதான் ஐயா. அவ சொல்லு எடுபடாது.”

“என் சொல்லு கோட்டையில எடுபடுமா?” என்றார். கேலியாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டார்.

அப்போது தோசே பேசினாள். கதவோரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தவள். “ஐயா, இவர் கை வந்துட்டா?”

எஜமான் அவளைப் பார்த்தார். பிறகு யசோகிச்சியின் கைகளைப் பார்த்தார்.

“மூணு நாள். பதினொண்ணாம் தேதி சாயங்காலம் வரைக்கும். அதுக்கு மேல விட்டா தகடு தேதிக்கு வராது. அதுக்குள்ள உன் கை இரும்புல பதிஞ்சா பொண்ணு இருபதாம் தேதி கிளம்பட்டும். சீட்டுல இப்பவே முத்திரை வச்சுத் தரேன்.”

யசோகிச்சி மூன்று நாளும் துரு அறையிலிருந்து வெளியே வரவில்லை. கதவைச் சாத்தவும் இல்லை. இனி மறைக்க எதுவும் இல்லை என்பதால் எல்லாரும் வந்து பார்த்தார்கள். சம்மட்டி அடிப்பவன் வந்து, “அண்ணே, கோபம் வந்தா கை வேர்க்கும். உன்னக் கெட்ட வார்த்தையில திட்டட்டுமா?” என்றான். “திட்டு” என்றான் யசோகிச்சி. அவன் திட்டினான். நல்ல திட்டுகள். தோசே வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். யசோகிச்சியும் சிரித்தான். கையை எடுத்துப் பார்த்தார்கள். இரும்பு வெளுப்பாக இருந்தது.

இரண்டாம் நாள் மினே வந்து வாசற்படியில் உட்கார்ந்தாள். கைகளைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டிருந்தாள். நான் என் இடத்தில் அரம் போட்டுக்கொண்டிருந்தேன். பக்கத்து அறைதான்.

“எம்மேல கோபமாப்பா?”

“இல்ல.”

“ஆத்துல போட்டிருக்கணும்.”

“ஊசிய எப்படிம்மா ஆத்துல போடறது?” என்றான்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள், “அந்த வீட்டுல ஜன்னலத் திறந்தா கடல் தெரியுமாமே. தொராசோ மாமா சொன்னார்.”

“தெரியும்” என்றேன் நான்.

“உப்புதான் தெரியும்னு நினைச்சேன்” என்றாள்.

பதினொன்றாம் தேதி மத்தியானத்துக்கு மேல் பனி பெய்ய ஆரம்பித்தது. சாயங்காலம் எஜமான் விளக்கை எடுத்துக்கொண்டு வந்தார். அவர் பின்னால் கிவா அம்மாள். தோசே தரையில் உட்கார்ந்திருந்தாள். யசோகிச்சி தகட்டின்மேல் கையை வைத்திருந்தான். மூன்று நாளில் கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

“எடு” என்றார் எஜமான்.

எடுத்தான். தகட்டில் கை தெரிந்தது. உள்ளங்கையின் குழி, நான்கு விரல், கட்டைவிரலில் பாதி. மங்கலாக, ஆனால் தெரிந்தது. தோசே மூச்சை இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

எஜமான் விளக்கைக் கீழே இறக்கினார். நெடுநேரம் பார்த்தார். அந்தப் பழுப்பில் ஊதா இல்லை. மஞ்சள் இருந்தது, ஓரத்தில் நுரை காய்ந்த வட்டங்கள் இருந்தன. எனக்கே தெரிந்தது. அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

“எச்சில்” என்றார், மெதுவாக.

யசோகிச்சி இரண்டு கைகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

எஜமான் கோபப்படவில்லை. தன் சட்டைக் கை நுனியால் தகட்டைத் துடைத்தார். நன்றாகத் தேய்த்துத் துடைத்தார், விட்டால் குழி விழுந்துவிடும் என்பதால். பிறகு தகட்டைத் துணியில் சுற்றினார்.

“நாக்கு வறண்டுபோற வரைக்கும் நக்கியிருக்கான்,” என்றாள் கிவா அம்மாள். “இவனுக்குத் தண்ணி கொடுங்க யாராவது.”

யாரோ தண்ணீர் கொண்டுவந்தார்கள். குடித்தான்.

“ஐயா” என்றான் பிறகு. மறுபடியும் “ஐயா” என்றான்.

“எனக்குத் தெரியும் யசோ,” என்றார் எஜமான். “எனக்குத் தெரியாதா?” விளக்கோடு எழுந்து நின்றார். போகவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கொஞ்ச நேரம் நின்றார். போய்விட்டார்.

மறுநாள் பன்னிரண்டாம் தேதி. பனி நின்றிருந்தது. காலையில் மினே குளித்துவிட்டுத் துரு அறைக்கு வந்தாள். கிவா அம்மாள் அவளுக்கு ஒரு புது மேல்துணி கொடுத்தாள், சட்டைக் கைகளைக் கட்டிக்கொள்ள ஒரு கயிறும் கொடுத்தாள். இரண்டு தகடுகளையும் எஜமானே எடுத்து அவள் முன்னால் வைத்தார். யசோகிச்சியைக் கரி உடைக்கச் சொன்னார்கள். கரி உடைத்தான். தோசே வழக்கம்போல் சமைத்தாள், முள்ளங்கியும் காய்ந்த மீனும். மாப்பிள்ளை வீட்டுச் சீரைத் திருப்பி அனுப்ப ஒரு பெட்டியில் கட்டினாள். கடற்பாசி, காய்ந்த கணவாய் மீன், சணல் நூல், விசிறி ஜோடி, இடுப்புப் பட்டைத் துணி. சாப்பிட்டதும் நான் அதை முதுகில் கட்டிக்கொண்டு மிதஜிரிக்குக் கிளம்பினேன். மலைக் கணவாயில் பனி கணுக்கால் அளவு இருந்தது. வழியில் இரண்டு குதிரைக்காரர்களைப் பார்த்தேன். சசனாமி கிராமம் போய்ச் சேரும்போது விளக்கேற்றிவிட்டார்கள். விடுதியில் என்னோடு ஒரு காகித வியாபாரி தங்கினார். பெட்டியில் என்ன என்று கேட்டார். சீர் என்றேன். வாழ்த்துச் சொன்னார்.